மூன்று கீறல்

இப்போதெல்லாம் சாவி வெட்ட வருகிறவர்களுக்கு மரியாதை என்பதே கிடையாது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாவியை மேஜையில் விட்டெறிகிறார்கள். யார் வீட்டுச் சாவி, எதற்கு இன்னொன்று என்று கேட்டால் ஒரு முறைப்பு. பூட்டுக்காரர் விடமாட்டார். துருவித் துருவிக் கேட்டு, மனசு ஒப்பினால்தான் அரத்தையே தொடுவார். வெட்டிய சாவியின் கழுத்தில் மூன்று கீறல் போடுவார். பின்னால் ஏதாவது வம்பு வந்தால் தன் வேலை எது என்று தெரிய வேண்டாமா?

வம்பு மகள் வீட்டிலேயே வந்து உட்கார்ந்தது. அவளுக்கு வேறொருவனோடு பழக்கம் என்று தெருவுக்கெல்லாம் தெரிந்து, கடைசியில் மருமகனுக்கும் தெரிந்துபோனது. "பூட்ட மாத்தணும், வாங்க மாமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். மகளை வெளியே தள்ளிப் பூட்டப்போகிறான், அதுவும் அப்பன் கையாலேயே என்று நினைத்தபடி தலையைக் குனிந்துகொண்டு மாடிப்படி ஏறினார்.

மகள் சமையலறை வாசலில் நின்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பழைய பூட்டைக் கழற்றும்போது மருமகன் ஒரு சாவியை நீட்டினான்.

"அந்த ஆளு திருப்பிக் குடுத்தது."

கழுத்தில் மூன்று கீறல்.

போன கோடையில் மகள் கடைக்கு வந்து, புருஷனின் சாவியை மாதிரிக்கு நீட்டி, "சாவியத் தொலைச்சுட்டேம்பா" என்றாள். ஊரையே குடைந்தெடுக்கிறவர் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. "தலை கழுத்துல ஒட்டிட்டிருக்கு, இல்லேன்னா அதையும் தொலைச்சிருப்பே" என்று செல்லமாகத் திட்டி, வெட்டிக் கொடுத்தனுப்பினார்.

திருப்புளி கையிலிருந்து நழுவியது.

"நான் வெட்டினது, மாப்பிள்ளை."

"உங்க கீறல் எனக்குத் தெரியாதா?"

அவருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. "புதுசுக்கு ரெண்டு சாவி. ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். இவள நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஒண்ணு அவளுக்கு, மாமா. பூட்ட மாத்தறது அந்த ஆளுக்காகத்தான்."

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா? திரும்பவும் இவ கையிலயா?"

"மன்னிச்சுட்டேன்னு சொல்லல. இன்னும் எரியுது. ஆனா அவ பேச வந்தப்பல்லாம் நான் சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்தவன். அவ இல்லாத வீட்டப் பூட்டி நான் என்ன பண்ண?"

மகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்பா, டீ போடவா?"

"உன் டீ யாருக்கு வேணும்?"

புதுச் சாவிகளில் கீறல் போடப் பழக்கதோஷத்தில் அரத்தை எடுத்தார். எடுத்தவர், அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டார். சாவியை அவள் கையில் கொடுக்கவில்லை. ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

முதுகுக்குப் பின்னால் புதுப் பூட்டை யாரோ திறந்து மூடிப் பார்த்தார்கள்.

"எத்தனை நாளைக்குன்னு பாக்கத்தானே போறேன்" என்று முனகியபடி, எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு முகத்தைக் காட்டாமல், அவர் படியிறங்கிப் போய்க்கொண்டே இருந்தார்.