இன்ஜின் பக்கத்து இருக்கை

பன்னிரண்டாம் தேதி, புதன்.

மாலை வகுப்பில் கொடுத்த கட்டுரையில் ஒரு தவறு செய்துவிட்டேன். எங்கள் ஊர் ஆற்றின் இடது கரையில் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். உண்மையில் வலது கரை. நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு இடம் வலம் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் நீர் வரும் திசையைப் பார்த்து நின்றிருக்கிறேன். அதுவும் அவசரத்தில் எழுதியதல்ல. படகுத்துறைக்குப் போய், இரண்டு கைகளையும் நீட்டி, திரும்பவும் நீட்டி, நிச்சயப்படுத்திக்கொண்டு எழுதியது. சரிபார்த்துச் சரிபார்த்துத் தப்பாக எழுதுவதில் எனக்கு ஒரு கைராசி உண்டு.

கட்டுரையின் தலைப்பு 'நம் ஊரும் மக்களும்'. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் துடைக்கிறவளுக்கு ஊரைப் பற்றி எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். எங்கள் கடை துறைக்கு நேர் எதிரே. ஊர் முழுக்க எங்கள் கண்ணாடி ஜன்னலைத் தாண்டித்தான் படகுக்குப் போகும். ரயில் நிலையம் அக்கரையில் இருப்பதால் வேறு வழி கிடையாது. பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். ஆகவே நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் பார்த்துவிட்டேன். பெருநகரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் லாண்டரிக்காரர்கள். அக்கரைச் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். பூச்செடி நாற்று வளர்த்து விற்கிற குடும்பங்கள். போன சில வருடங்களில் முளைத்த அடுக்குமாடிகளில் குடியிருக்கும் ஆபீஸ்காரர்கள். மூன்றாவது பத்தியை எழுதும்போது கொஞ்சம் சூடு பிடித்துவிட்டது. அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"ஒரே படகில் போனாலும் இவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டுவதில்லை. லாண்டரிக்காரர்கள் வலப்புறம் கடைசியில், சூளைக்காரர்கள் வலப்புறம் முன்னால், நாற்றுக்காரர்கள் இடப்புறம் கூரை நிழலில், அடுக்குமாடிக்காரர்கள் நடுவில் கம்பியைப் பிடித்து நின்றபடி. நான்கு ஊர்கள் ஒரே டிக்கெட்டில் போவது போல."

வகுப்பு சார் கரை விஷயத்தைக் கவனிக்கவே இல்லை. மூன்றாவது பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு ஒன்று பிடித்துப்போனால் கண்ணாடியைக் கழற்றுவார் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். "இது ஊர்க்காரங்க படிக்கவேண்டியதும்மா" என்றவர், வீட்டுக்குப் போகிற வழியில் துறையில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். இடது கரை என்ற தவறோடு ஊரே படிக்கப் போகிறதே என்பதுதான் இப்போதைக்கு என் கவலை.

பதின்மூன்றாம் தேதி, வியாழன்.

கரையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் நானும் படகில் இருந்தேன். அக்கரைக் கிடங்கிலிருந்து லென்ஸ் வாங்கிவர முதலாளி அனுப்பியிருந்தார். படகை ஓட்டுவது என் சித்தப்பா. துறையில் டிக்கெட் கிழிப்பது சித்தி. பலகைக்கு முன்னால் கூட்டம். லாண்டரி அக்கா சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். லாண்டரி அக்காவுக்கு இயல்பான குரலே ஆற்றின் அந்தப் பக்கம் கேட்கும்.

"நாங்க யாரோடயும் ஒட்டமாட்டோமாம்" என்றாள். "எழுதின மகராசி யாருன்னு தெரியலயே."

"கீழ பேர் போட்டிருக்குக்கா" என்றார் சூளை அண்ணன். அதற்குப் பிறகு தெரிந்துவிட்டது.

நான் எதிர்பார்த்தது திட்டு. நடந்தது அதைவிட மோசம். கட்டுரை பொய் என்று நிரூபிக்க எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள். லாண்டரி அக்கா தன் பெரிய மூட்டையோடு கூரை நிழலில் நாற்றுக்காரர்களை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தள்ளி உக்காரு தங்கம், நாம ஒட்டணுமாம்." சூளைக்காரர்கள் நான்கைந்து பேர் அவள் பின்னாலேயே போனார்கள். சாதாரணமாக உட்காரவே உட்காராத அடுக்குமாடி சார் ஒருவர், சலவை மடிப்புக் கலைய, செடித் தட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். படகு நிறையப் பாசம். எல்லாம் இடது பக்கத்தில்.

நடு ஆற்றைத் தாண்டியதும் படகு இடப்புறமாகச் சாய ஆரம்பித்தது. சித்தப்பா சுக்கானை மறுபக்கம் ஒடித்துத் திருப்பினார். படகு அவர் பேச்சைக் கேட்கவில்லை. மாடு தொட்டிக்குள் தலையை விடுவது போல நிதானமாகப் போய், அக்கரை நாணல் புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. ஆழம் முழங்காலளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரயில் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டே போனது.

"இவ்வளவு வருஷத்துல இப்படி ஆனதில்லையே" என்றார் சித்தப்பா, யாரிடமும் சொல்லாமல்.

"இவ்வளவு வருஷத்துல யாரும் கட்டுரை எழுதினதில்லையே" என்றாள் லாண்டரி அக்கா.

சாயங்காலம் சித்தப்பாவும் நானும் காலிப் படகில் உட்கார்ந்து யோசித்தோம். விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பழைய இன்ஜின் செத்துப்போனபோது ஒரு லாரி இன்ஜினை வாங்கி, இடப்புறம் பின்னால் இடமிருந்த மூலையில் பொருத்தியிருக்கிறார். அது யானைக்குட்டி கனம். அதன் பிறகு ஊர் தானாகவே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் கரி துணியில் படும் என்று லாண்டரிக்காரர்கள் வலப்பக்கம் ஒதுங்கினார்கள். சூளைக்காரர்களுக்கு முதலில் இறங்க வேண்டும், இறங்கும் பலகை வலப்புறம் முன்னால். நாற்றுக்கு நிழல் வேண்டும். ஆபீஸ்காரர்களுக்குச் சட்டை கசங்கக் கூடாது. எவருக்கும் மற்றவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை, படகைப் பற்றியும் ஒரு யோசனையும் இல்லை. சித்தப்பாவுக்கே இன்றுதான் தெரியும். நான் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் மூன்றாவது பத்தியே வந்திருக்காது. கையை நீட்டித் திசை பார்த்த எனக்கு, வாயைத் திறந்து கேட்கத் தோன்றவில்லை.

"உண்மைய எழுதி ஒட்டிடறேன் சித்தப்பா. எல்லாரும் பழைய இடத்துக்குப் போயிடுவாங்க."

சித்தி டிக்கெட் கட்டைப் பையில் போட்டுக்கொண்டே வந்தாள். "எழுது. நல்லா எழுது. 'எங்க படகு கோணல்'னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டு. சனிக்கிழம லைசென்ஸ் புதுப்பிக்க ஆபீசர் வர்றாரு. படிச்சுட்டுச் சந்தோஷமா பூட்டிட்டுப் போவாரு. உங்க சித்தப்பா வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிக்கட்டும்."

மெக்கானிக் வந்து இன்ஜினை நடுவுக்கு நகர்த்த ஒப்புக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை. ஆபீசர் வருவது சனிக்கிழமை. இடையில் ஒரு நாள்தான் கோணல். "நீங்க சும்மா சொல்லிப் பாருங்களேன், பழைய எடத்துல உக்காருங்கன்னு" என்றேன். சித்தப்பா தலையை ஆட்டினார். காரணம் தெரியாமலேயே மத்தியானம் சொல்லிப் பார்த்துவிட்டாராம். முதலில் எழுந்து போகிறவர் கட்டுரை சரி என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். ஒருவரும் அசையவில்லை. பாதி ஆட்களை மட்டும் ஏற்றி, இரண்டு நடையாக அடித்திருக்கிறார்.

சித்தப்பா இன்ஜின் மேல் படிந்த கரியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். படகு இல்லாமல் அவரை நான் யோசித்ததே இல்லை. தரையில் நடக்கும்போதுகூட அவர் கால்களை அகட்டித்தான் வைப்பார்.

பதினான்காம் தேதி, வெள்ளி.

காலையில் மிச்ச லென்ஸ் வாங்க மறுபடியும் படகு. எல்லோரும் நேற்றுப் போலவே இடப்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இடிபட யாருக்கும் விருப்பமில்லை என்று தெரிந்ததால், நானே போய் யாரும் உட்காராத இடத்தில் உட்கார்ந்தேன். இடப்புறம் கடைசி, இன்ஜினை ஒட்டி. சூடு, கரி, சத்தம், போதாக்குறைக்கு நீர்த் தெறிப்பு.

நான் உட்கார்ந்ததும் லாண்டரி அக்கா எழுந்தாள். மூட்டையைத் தூக்கினாள். "கட்டுரை பக்கத்துல நமக்கென்ன வேலை. நாளைக்கு மூட்டையப் பத்தியும் எழுதும்" என்று வலப்புறம் கடைசிக்குப் போனாள். சூளைக்காரர்கள் அவளைத் தொடர்ந்தார்கள். நாற்றுக்காரர்கள்கூடத் தட்டுகளை நகர்த்திக்கொண்டார்கள். அடுக்குமாடி சார் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான்கு ஊர்களும் முதல் முறையாக ஒன்றுசேர்ந்து என்னைப் பார்க்காமல் இருந்தன. படகு கோடு போட்ட மாதிரி நேராகப் போய் அக்கரையில் அணைந்தது.

இறங்கும்போது சித்தப்பா என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எனக்குத்தான் உறுதியாகச் சொல்ல வராதே.

திரும்பி வந்து சித்தியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னாலகூட ஒரு உபயோகம் இருக்கு பாரு" என்றாள். "நாளைக்கு ஆபீசர் வர்ற படகுல அங்கயே உக்காரு. எழுந்திருக்காத."

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் இந்த நோட்டைத் திறந்திருப்பேன், சாயங்காலப் படகு மட்டும் இல்லாதிருந்தால். சித்தப்பாவுக்கு ஒத்திகை பார்க்கவேண்டும் என்பதால் கடை மூடியதும் போய் அதே இடத்தில் உட்கார்ந்து, அக்கரை வரை சும்மா போய் வந்தேன். திரும்பும்போது ரயிலிலிருந்து இறங்கியவர்கள் ஏறினார்கள். என் முகத்தில் கரி. ஒரு பக்கம் நனைந்து, ஒரு பக்கம் வெந்து உட்கார்ந்திருந்தேன். பாதி தூரத்தில் லாண்டரி அக்கா எழுந்தாள். நேராக என்னிடம் வந்தாள். மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை உருவி என் முகத்தைத் துடைத்தாள். ஏதோ ஓட்டலின் துண்டு.

"சின்னப் பொண்ணு, தெரியாம எழுதிட்ட. எத்தன நாளைக்கு இப்படித் தனியா உக்காருவ" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூளை அண்ணன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டிக்கொண்டே வந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். நாற்றுக்கார அத்தை ஒரு செடியோடு எழுந்தாள். என் காலடியில் பலகை மெல்லச் சரிவதை உணர்ந்தேன். சுக்கானைப் பிடித்திருந்த சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"அக்கா, நீங்க அந்தப் பக்கமே போயிடுங்க" என்றேன்.

"ஏன், நாங்க ஒட்டினா என்ன? பாவம்னு வந்தா மூஞ்சியக் காட்டுற."

துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பிஸ்கட்டும் செடியும் அவளோடு திரும்பின. படகு நிமிர்ந்தது. ஆனால் கோபம் முன்பு போல இல்லை. துறையில் இறங்கும்போது சூளை அண்ணன் ஒரு பிஸ்கட்டை என் கையில் வைத்துவிட்டுத்தான் போனார். அடுக்குமாடி சார், "கட்டுரை நடை நல்லா இருந்துச்சும்மா" என்றார். நாளைக் காலைக்குள் எல்லோரும் என்னை மன்னித்துவிடுவார்கள் போலிருக்கிறது. மன்னித்தால் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தால் ஆபீசர் கண்ணெதிரே படகு சாயும்.

வரும் வழியில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். மூன்றாவது பத்தியை மட்டும் யாரோ சுத்தமாகக் கிழித்து எடுத்திருந்தார்கள். நடுவில் ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை. அதன் வழியே பழைய படகு நேர அட்டவணை தெரிந்தது.

நாளைச் சனிக்கிழமை வேலை: காலையில் முதல் படகுக்கு முன்னால் துறைக்குப் போக வேண்டும். முதல் பத்தியில் இடது கரை என்பதை வலது கரை என்று திருத்த வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில், நான்கு கூட்டத்தில் ஒன்றையும் விட்டுவிடாமல், முன்னதைவிட மோசமாக ஒரு பத்தி எழுதி ஒட்ட வேண்டும். குடை எடுத்துப் போக வேண்டும்.