மழை நாளின் அளவு

பம்பு ஷெட் பெஞ்சில் லேப்டாப்பை வைத்து என் பக்கம் திருப்பினாள் ஹுமா. நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டிருந்தது.

"இது யாரு தெரியுதாக்கா? நீங்கதான். ஆறு வருசம் நீங்க எழுதின தண்ணி அளவு பூரா இதுக்குள்ள இருக்கு."

திறந்தவெளிச் சுரங்கத்தில் மழைத்தண்ணீர் சேருகிற பள்ளங்களில், கம்பியில்லாமல் சேதி அனுப்பும் பெட்டிகளை நடப்போகிறார்கள். தண்ணீர் ஏறினால் சேதி பெட்டிக்குப் பெட்டி தாவி ஆபீசுக்குப் போகும். கீழே நிற்கிற ஆட்களின் போனில் சிவப்பு எரியும். எங்கே நடுவது என்று தெரிய, கம்ப்யூட்டருக்குள்ளேயே பள்ளம் வெட்டி, மழை பெய்யவிட்டு, பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறாள் இந்தப் பெண். நெல்லிக்குப்பத்துக்காரி, கான்ட்ராக்ட் கம்பெனி இன்ஜினியர். என் டிபன் டப்பாவில் ஊறுகாயை மட்டும் கேட்காமல் எடுப்பாள்.

"மொத்தமே பன்னெண்டு பெட்டிதான் குடுத்திருக்காங்க. மேற்குப் பள்ளத்துக்கு வேணாம். எவ்ளோ மழை பெஞ்சாலும் அங்க ஒரு நாளைக்கு ரெண்டு சென்டிமீட்டர்தான் ஏறுது. பாருங்க, படிக்கட்டு மாதிரி."

படிக்கட்டுதான். கட்டினவள் நான்.

முப்பத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் எழுத்தும் எண்ணும் கற்றேன். மண் சுமந்தவளுக்கு அளவு எழுதுகிற வேலை கிடைத்தது. சூப்பர்வைசர் சிவசங்கர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "நோட்டுல கட்டம் காலியா இருந்தா நீ வேலைக்கு வரலைன்னு அர்த்தம்." பெருமழையில் மேற்குச் சரிவு சோப்பாக வழுக்கும். ஒருதரம் இடுப்பு வரை சேற்றில் புதைந்தேன். அதற்கப்புறம் மழையில் இறங்கவில்லை. ஷெட்டில் உட்கார்ந்து முந்தின நாள் எண்ணோடு இரண்டைக் கூட்டி எழுதினேன். மழை விட்டு நான் போவதற்குள் பம்பு இழுத்துத் தண்ணீர் வடிந்திருக்கும். கேட்பார் இல்லை.

அப்போதெல்லாம் மழை நாளில், தண்ணீர் ஏறினால் ஊதி ஆட்களை மேலே கூப்பிட, கரையில் விசிலோடு ஒருவர் நிற்பார். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று அவருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை. அவரிடம் நோட்டு இல்லையே. பெட்டி வந்தால் அவர் வேலையும் போய்விடும். மேற்குப் பள்ளத்தில் பம்புக் குழாயின் வாயில் அடைக்கிற சேற்றை வாருகிறவர் கண்ணையன், என் வீட்டுக்காரர்.

"ஹுமாம்மா, அந்த மழை நாளு எண்ணெல்லாம் நான் குத்துமதிப்பா போட்டது."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"எத்தனை நாளுக்கா?"

"மழை பேஞ்ச நாளு பூரா."

"ரிப்போர்ட் நேத்தே கையெழுத்தாயிடுச்சு. இப்ப பொய்யின்னு சொன்னா மொதல்ல உங்கள அனுப்புவாங்க. அப்புறம் என்னை." லேப்டாப்பை மூடினாள். "இன்னொரு பெட்டி கேட்டுப் பாக்குறேன்."

கேட்டாளோ என்னவோ. நானே சிவசங்கரிடம் போனேன்.

"ஆறு வருசம் சம்பளம் வாங்கிக்கினு, இப்பதான் உண்மை வருதா உனக்கு? நோட்டுல இருக்கிறதுதான் உண்மை. போ." ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்தும் இருந்தது.

ஐப்பசியில் பெட்டிகளை நட்டார்கள், மேற்குப் பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை. ஹுமா வேறு ஊருக்குப் போனாள். விசில்காரரை அனுப்பிவிட்டார்கள். அளவு எழுத ஆள் தேவையில்லை என்று எனக்கும் மறுபடி மண்கூடை.

நாலு நாளாக விடாத மழை. இரண்டாம் ஷிப்டுக்கு இறங்கிக்கொண்டிருந்த கண்ணையனின் கையைப் பிடித்தேன்.

"மேற்க எறங்காதீங்க. தண்ணி சர்ருனு ஏறிடும்."

"ஏறாதுன்னு எழுதினவளே நீதானே?"

"அது பொய்யி. நான் போய்ப் பாக்கவே இல்ல."

வீட்டில் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. என் பெண்டாட்டி பேனா புடிக்கிறவ என்று டீக்கடையெல்லாம் சொல்லித் திரிந்தவர்.  போனை எடுத்து ஈரத்தை லுங்கியில் துடைத்துக் காட்டினார். திரை முழுக்கப் பச்சை.

"இதக் காட்டித்தான் எறங்கச் சொல்றானுங்க. உம் பேச்சக் கேட்டு நின்னா நாளைக்கு வேற ஆளு எறங்குவான், வீராயி."

கையை விடுவித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தார். அவர் பதித்துப் போன ஒவ்வொரு தடத்திலும், அடுத்த அடி எடுத்து வைப்பதற்குள், பழுப்புத் தண்ணீர் ஊறி விளிம்பு வரை நிறைந்தது.