வில்லன் என்ற சொல்

லீலாதேவி வடைத் தட்டை நடுவில் வைத்துவிட்டுக் கதிரை நுனியில் உட்கார்ந்தார். மகன் சேந்தன் கட்டிக்கொள்ள விரும்பும் பெண்ணை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சுபாஜினி பதுளைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பிப்பவள்; ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதைத் தொடாமல் மழையைப் பற்றியும் மரக்கறி விலையைப் பற்றியுமே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

சேந்தன் அதே பள்ளிக்கூடத்தின் கணித ஆசிரியன். கர்ஃபியூ என்பது நெருப்பை மூடச் சொல்லும் பழைய பிரெஞ்சுக் கட்டளை என்று ஒருநாள் அவள் சொல்லப்போக, மறுநாள் அவன் வேறொரு சொல்லோடு வந்தான். இருவருக்கும் பழக்கமானது அப்படித்தான். இப்போது பேச்சு ஓய்ந்துவிடவே அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மாவுக்கு அந்த வில்லன் கதையைச் சொல்லுமன்."

அவள் சொன்னாள். பிரெஞ்சுப் பிரபுக்களின் பண்ணைகளில் மண்ணோடு கட்டுண்டு உழைத்த சனங்களுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. பிரபுக்கள் அவர்களுடைய அழுக்கையும் பேச்சையும் அருவருத்துச் சொல்லிச் சொல்லியே, சில நூற்றாண்டுகளில் அந்தச் சொல்லுக்குக் கெட்டவன் என்று பொருள் வந்துவிட்டது. வகுப்பில் எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே சொன்ன கதை. இங்கே பாதியில் அவளுக்குக் குரல் இறங்கியது.

சேந்தனின் அப்பா கனகரத்தினம் பேப்பரை மடித்து வைத்தார்.

"அந்தச் சனத்திட்டையும் ஏதும் பிழை இருந்திருக்கும், பிள்ளை. சும்மா ஒரு பேர் கெடாது."

லீலாதேவி தட்டைப் பார்த்தார். சுபாஜினி சேந்தனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். ஒரு சொல் போதும் என்றிருந்தது அவளுக்கு. அவன் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி, ஆறப்போகிறது, குடியும் என்றான்.

பஸ் நிலையம்வரை கூடவே வந்தான். அப்பா பகிடிக்குச் சொன்னவர், மனதில் வைக்க வேண்டாம் என்றான்.

"அவரு சொன்னத விடுங்க. நீங்க ஒன்னுமே சொல்லலியே."

அவன் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். நாளைக்குக் கதைப்போம் என்றான். அவள் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் உரப் பையோடு இருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எங்க போயிட்டு வாறீங்க, டீச்சர்?"

"தெரிஞ்சவங்க வீட்டுக்கு."

பஸ் மலை ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி பாதியில் இறுகி நின்றது. அந்தப் பெண் கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் பொலித்தீன் விரிப்பை உதறி, இருவர் மடியையும் சேர்த்து மூடினாள். அதன்மேல் மழை சடசடவென்று விழுந்தது.