நாலாம் மாடித் தண்ணீர்

மொஹ்சின் தன் மனைவியை ஷார்ஜாவுக்கு வரச் சொன்னது ஆகஸ்ட் மாதத்தில். வேறு மாதமே கிடைக்கவில்லையா என்று சொந்த ஊர் அனகாபுத்தூரில் கேட்காத ஆள் இல்லை. கிடைத்திருக்கும். அவன் வேண்டுமென்றேதான் ஆகஸ்ட்டைப் பிடித்தான்.

விஷயம் இதுதான். அலுமினிய ஜன்னல் பொருத்தும் கம்பெனியில் ஆறு வருஷம் உழைத்த பிறகு அவனை ஃபோர்மேன் ஆக்கியிருந்தார்கள். ஃபோர்மேன் ஆனால் மனைவியை அழைத்து வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வர டிக்கெட். இரண்டில் எது என்று மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவன் அல்லவா, எதையும் அளந்து பார்க்காமல் கை வைக்க மாட்டான். மனைவியையும் அளந்து பார்க்க முடிவு செய்துவிட்டான்.

"பத்து நாள் வந்து ஹோட்டல்ல இரு. இந்த வெயில நீ தாங்கிட்டா ஃபேமிலி விசா போடறேன். தாங்கலன்னா ஊர்லயே இரு, நான் வந்து வந்து போறேன்" என்று போனில் சொன்னான்.

ஜஹீராவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் புருஷனோடு ஒரே வீட்டில் இருந்தது நூற்று நாற்பத்தாறு நாள். எண்ணி வைத்திருந்தாள். இன்னும் பிள்ளை இல்லையா என்று கேட்ட பெரியம்மாவிடம், டெலிபோனில் பிள்ளை பெறுவதற்கு யாராவது வழி கண்டுபிடித்தால் சொல்லுங்கள் என்று பதில் சொல்லி, ஒரு வாரம் வசவு வாங்கியவள். வெயிலாம் வெயில். மே மாதத்து மத்தியானத்தில் பல்லாவரம் சந்தையில் பழைய மிக்ஸிக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசியவளுக்கு ஆகஸ்ட் என்ன செய்துவிடும்? இப்படி நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

ஷார்ஜாவில் விமான நிலையத்துக் கதவு திறந்தது. இட்லிக் குண்டான் மூடியைத் திறந்து முகத்தை நீட்டினால் எப்படி அடிக்கும், அப்படி அடித்தது. ஜஹீரா மூச்சை அடக்கிக்கொண்டாள். மொஹ்சின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பரீட்சை ஆரம்பமாகிவிட்டது என்று புரிந்ததும், "நல்லாத்தான கீது" என்று சிரித்து வைத்தாள்.

மொஹ்சின் ஏழு ஆண்களோடு ஒரே அறையில் கட்டில் போட்டுக் குடியிருப்பவன். அங்கே அவளை அழைத்துப்போக முடியாது. அதனால் பத்து நாளைக்கு ஒரு மலிவான ஹோட்டல் எடுத்திருந்தான். ஆறு மாடி, ஒரே ஒரு லிஃப்ட், பெயரில் மட்டும் அரண்மனை. நாலாம் மாடியில் அறை. இரண்டு பேர் படுக்கும் கட்டில், ரயில் இன்ஜின் மாதிரி சத்தம் போடும் ஏசி, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டிடத்தின் முதுகு. எல்லாவற்றையும் விட ஜஹீராவை அசத்தியது குளியலறை. அதில் ஒரு பாத்டப் இருந்தது. அவள் அதுவரை பாத்டப்பை நேரில் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தாள், கையால் அளந்தாள், எத்தனை குடம் பிடிக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினாறு.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த வருஷம் சென்னையின் தெற்கே தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் இருந்துகொண்டு அனகாபுத்தூர் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. லாரி எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. வந்ததும் தெருவின் பதினேழு வீட்டுக் குடங்களையும் வரிசையில் நிறுத்தி, சண்டை வராமல் பிரித்துவிடுவது ஜஹீராவின் வேலை. யாரும் அவளை நியமிக்கவில்லை. அவள் குரலுக்கு லாரிக்காரனே பயந்ததால் அது தானாக அமைந்த பதவி. வீட்டில் எல்லாப் பாத்திரமும் நிறைந்திருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

முதல் நாள் காலையில் மொஹ்சின் வேலைக்குக் கிளம்பியதும் குழாயைத் திறந்தாள். பச்சைத்தண்ணீர்க் குழாயில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. மொட்டை மாடித் தொட்டி வெயிலில் காய்கிறது, இங்கே எல்லா வீட்டிலும் இந்தக் கதைதான் என்று அறையைத் துடைக்க வந்த சவுரிமுத்து சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது, தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஒரே மூச்சில் பாதி வாழ்க்கையைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் ஜஹீரா பாத்டப்பை விளிம்பு வரை நிரப்பினாள். ஐஸ் வைக்கும் டப்பா, வெந்நீர் கெட்டில், கழுவித் துடைத்த குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பினாள். ஏசிக் குளிர் உள்ளே போகட்டும் என்று குளியலறைக் கதவையும் திறந்து வைத்தாள்.

சாயங்காலம் மொஹ்சின் வந்தான். பாத்டப்பில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, பாவம் வெளியேற்றத் தெரியவில்லை போல என்று அடைப்பைப் பிடுங்கிவிட்டு, ஷவருக்கு அடியில் நின்று ஆ, ஊ என்று கத்திக்கொண்டே குளித்தான். ஜஹீராவுக்கு வயிறு எரிந்தது. வந்த முதல் நாளே சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் மறுபடி நிரப்பினாள். அன்றைக்குச் சவுரிமுத்து பிடுங்கிவிட்டார். மூன்றாம் நாள் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு நிரப்பினாள். போதாததற்கு, பக்கத்துக் கடையில் மூடி போட்ட இரண்டு பெரிய நீலப் பக்கெட் வாங்கிவந்து அவற்றையும் நிரப்பினாள்.

புதன்கிழமை மேனேஜர் ஐசக், வேலை முடிந்து வந்த மொஹ்சினைக் கீழேயே மறித்தார். உங்கள் அறையில் தினமும் பாத்டப் நிறைகிறதாமே, மீன் வளர்க்கிறீர்களா என்று கேட்டார். நாலு பேர் முன்னால் கேட்டார்.

மேலே வந்த மொஹ்சினின் முகம் கறுத்திருந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜஹீரா திருப்பிக் கத்தியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். அவன் கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே மெதுவாகப் பேசினான். வந்து ஆறு நாளாகியும் அவள் இன்னும் அனகாபுத்தூரிலேயே இருக்கிறாள், பகல் முழுக்கத் தனியாக அடைந்து கிடந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இங்கே வருஷக்கணக்கில் இருந்தால் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றான்.

"நீ இங்க இருக்க மாட்ட ஜஹீரா. தெருவுல பத்து பேரோட பேசிகினு இருந்தவ நீ. உன்ன நாலு சுவத்துக்குள்ள போட்டு வாட்ட எனக்கு மனசு வரல. டிக்கெட்டுனே எழுதிக் குடுத்துடறேன்."

வெயிலுக்குத்தான் பரீட்சை என்று நினைத்து ஜஹீரா படித்து வந்திருந்தாள். கேள்வித்தாளில் வேறு ஏதோ வந்திருந்தது. முகம் கழுவும் சாக்கில் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். அவனும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழன் சாயங்காலம் அவன் குளித்துவிட்டு வந்ததும், ஜஹீரா உள்ளே போய் வழக்கம்போல் பாத்டப்பை நிரப்பிவிட்டு, அதற்கு முன்னால் தொங்கிய பிளாஸ்டிக் திரையை இழுத்து மூடினாள். ஊருக்குத்தான் அனுப்பப் போகிறான், இதற்கு மேல் என்ன செய்துவிடுவான் என்கிற வீம்பு. பழக்கம் இன்னொரு காரணம். இரண்டையும் பிரித்துச் சொல்ல அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை லீவு. அவள் கொண்டுபோக போர்வையும் பால் பவுடரும் தைல பாட்டிலும் வாங்கிக் கட்ட அட்டைப்பெட்டி வேண்டும் என்று மொஹ்சின் காலையிலேயே கடைக்குப் போனான். அவன் போய் ஒரு மணி நேரம் இருக்கும். வராந்தாவில் சத்தம். கதவைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு அறை வாசலிலும் ஒவ்வொரு ஆள். ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு துண்டு கட்டி நின்றார். ஹோட்டலின் பம்ப் மோட்டார் எரிந்துவிட்டது, தொட்டி காலி, மெக்கானிக் சாயங்காலத்துக்கு முன் வரமாட்டான் என்று சவுரிமுத்து மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னார். ஜும்ஆவுக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் குளிக்காமல் எப்படிப் போவது என்று எதிர் அறை சூடான்காரர், ஆறரை அடி மனுஷர், குழந்தை மாதிரி கையை விரித்தார்.

ஜஹீரா துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகினாள். இரண்டு நாளாக அவள் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"சவுரி அண்ணே, எல்லாரையும் பக்கெட்ட எடுத்துகினு லைன்ல நிக்கச் சொல்லுங்க. ரூமுக்கு ஒண்ணு. கொழந்த இருந்தா ஒண்ணர."

பத்து நிமிஷத்தில் நாலாம் மாடி வராந்தா அனகாபுத்தூர்த் தெருவாகிவிட்டது. பதின்மூன்று அறை, பதின்மூன்று பக்கெட். நுரைத் தலைக்காரருக்கு முதல் சலுகை. இரண்டு ஃபிலிப்பைன்ஸ் பெண்கள் குறுக்கே புகப் பார்த்தார்கள். ஜஹீரா தமிழிலேயே ஒரு அதட்டல் போட்டாள், அவர்களுக்குத் தமிழிலேயே புரிந்தது. மலையாளத்துக் குடும்பம் ஒன்று மூன்று குழந்தைகளைக் காட்டி இரண்டாவது பக்கெட் கேட்டது. மூன்றில் ஒன்று பக்கத்து அறைப் பிள்ளை என்று கண்டுபிடித்து, அவர்களையே சிரிக்க வைத்து அனுப்பினாள். சூடான்காரர் தன் பக்கெட்டுக்குள் கை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். ராத்திரி முழுக்க ஏசிக் குளிரில் இருந்த தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கி அரபியில் ஏதோ நீளமாகச் சொன்னார். துஆ, தனக்கான பிரார்த்தனை என்பது மட்டும் ஜஹீராவுக்குப் புரிந்தது, ஆமீன் என்றாள்.

செய்தி கீழே போய்விட்டது. மேனேஜர் ஐசக்கே ஒரு வாளியோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். மீன் சமாச்சாரத்தை ஜஹீரா மறக்கவில்லை. கடைசியில் நில்லுங்கள் என்று கை காட்டினாள். அவர் பேசாமல் போய் நின்றார்.

இந்த நேரத்தில்தான் மொஹ்சின் தோளில் அட்டைப்பெட்டியும் கையில் கயிறுமாக மாடி ஏறி வந்தான். லிஃப்ட் முழுக்க வாளியோடு ஆட்கள். வராந்தாவில் ஐந்து நாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்க, நடுவில் அவன் மனைவி ஒரு கையில் மக்கும் இன்னொரு கையில் யாருடையதோ ஒரு குழந்தையுமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். வாட்டம் என்று அவன் பயந்தது எதுவும் அந்த முகத்தில் இல்லை. பெட்டியைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு, அவன் ஐசக்குக்குப் பின்னால் போய் நின்றான்.

அவன் முறை வந்தபோது பாத்டப் வற்றியிருந்தது. மூடி போட்ட நீலப் பக்கெட்டில் ஒன்றுதான் பாக்கி. ஜஹீரா அதை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"உங்களுக்குன்னு இத தொடல மச்சான்" என்றாள்.

உள்ளே போனவன் முதல் மக் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் சத்தமே வரவில்லை. ஆ, ஊ எதுவும் இல்லை. அப்புறம் ஒரு சிரிப்பு கேட்டது. தானாகச் சிரிக்கிற சிரிப்பு. ஒவ்வொரு மக்குக்கும் சிரித்தான். ஜஹீரா கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தலை துவட்டாமல் வெளியே வந்தான்.

"ஆறு வருஷம் ஜஹீரா. ஆறு ஆகஸ்ட்டு. எட்டு பேருக்கு ஒரு பாத்ரூம், ஆளுக்குப் பத்து நிமிஷம். ஒரு பக்கெட் தண்ணியப் புடிச்சு ஆற வெக்க எங்களுக்கு எடமும் இல்ல, எடுத்து வெக்க ஆளும் இல்ல. இந்த ஊர்ல பச்சத்தண்ணியில குளிக்கலாம்னே எனக்குத் தெரியாது."

ஜஹீரா துண்டை எடுத்து அவன் தலையில் போட்டுத் துவட்டினாள்.

"டிக்கெட்டுனு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல. ஞாயித்துக்கிழமை எழுதறேன், ஃபேமிலின்னு." துண்டுக்குள்ளிருந்தே பேசினான். "இப்ப நீ போய்த்தான் ஆகணும், இந்த விசா முடியுது. ரெண்டு மாசத்துல வந்துடு. அதுக்குள்ள வூடு பாத்து வெக்கறேன். பாத்டப் இருக்கற வூடாவே பாக்கறேன்."

"பாத்டப் இல்லன்னா பரவால்ல மச்சான். டிரம்மு வாங்கிக்கலாம்" என்றாள் ஜஹீரா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை குளியலறைக்குள் ஓடாமல், அவன் எதிரிலேயே நின்று, ஆசை தீர அழுதாள்.