ஐந்து நாற்பது மணித் தெரு

1993 பங்குனியில், டைரக்டர் ராம்ப்ரஸாத் ‘கட்’ சொல்ல மறந்துவிட்டதால், பிள்ளையார்பாளையத்தின் ஒரு தெருவில் பதினோரு ஆண்டுகள் மாலை ஐந்து நாற்பதாகவே இருந்தது. சின்னக் காஞ்சிபுரத்துக்காரரான அவருக்கு அது முதல் படம். நெசவாளர் வீட்டுப் பெண் வடிவாம்பாளை வாசற்படியில் நிறுத்தி, யாரையோ எதிர்பார்ப்பதுபோலத் தெருமுனையைப் பார்க்கச் சொன்னார். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, இதே வெயிலில் திருப்பருத்திக்குன்றத்திலும் ஒரு ஷாட் எடுத்துவிடலாம் என்று தோன்றவே, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஓரிடத்தில் நின்று பழக்கமில்லாத மனிதர்.

தெருவில் வெயில் இறங்கவில்லை. சரிகை நன்றாகத் தெரிந்ததால் தறிக்காரர்கள் முதல் வாரம் மகிழ்ந்தார்கள். பிறகு தூக்கம் வராமல், பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் படுக்கப் போனார்கள். வடிவாம்பாளால் அதுவும் முடியவில்லை. ஷாட் முடியாததால் அவள் கால் படியை விட்டு நகரவில்லை. அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே கண்ணயர்ந்தாள். அவளுக்கு நிச்சயித்திருந்த வாலாஜாபாத் ராஜவேலு ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்து பேசிவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுத் தணிகாசலம் டைரக்டருக்கு எழுதிய கடிதங்கள் ரசிகர் கடிதங்களோடு சேர்ந்துவிட்டன. ராம்ப்ரஸாத் ஏழு படங்கள் எடுத்தார். அவரைப் பார்த்து, வாசலில் காத்திருக்கும் பெண் இல்லாமல் கோடம்பாக்கத்தில் யாரும் படம் எடுப்பதில்லை என்றானது. அவருக்கு மட்டும் காதுக்குள் கேமரா ஓடும் சத்தம் ஓயவில்லை. 2004இல் அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

“இன்னா சார், வழி தெரிய பதினோரு வருசமா?” என்றார் தணிகாசலம்.

ராம்ப்ரஸாத் வடிவாம்பாளின் ஒன்றிரண்டு நரைமுடியில் விழுந்திருந்த வெளிச்சத்தையே பார்த்தார். “அம்மா, முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம்...”

“கட்டுனு ஒரு வார்த்தை சொல்லு சார். அவரு அங்க வாலாஜாபாத்ல காத்துக்கினு இருக்காரு. அப்புறம் நீயே வந்து நில்லு, இடது பக்கமோ வலது பக்கமோ,” என்றாள் வடிவாம்பாள்.

“கட்,” என்றார். தெரு இருண்டது. பலர் தறியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்கள். வடிவாம்பாள் படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிலையத்துக்கு நடந்தாள். அவள் நின்ற இடத்தில் ஏறி நின்று தெருமுனையைப் பார்த்த ராம்ப்ரஸாத், பழக்க தோஷத்தில், “ஒன் மோர்,” என்றார்.

அந்த ஒரு வாசலில் மட்டும் மறுபடி ஐந்து நாற்பதானது. இப்போது அவர் கால் படியை விட்டு நகரவில்லை. அவருடைய சிஷ்யர்கள் நாற்பது பேர் கார்களில் வந்தார்கள். ஒவ்வொருவரும் விரல்களைச் சட்டமாகப் பிடித்துப் பார்த்து, இந்த ஷாட்டுக்குக் ‘கட்’ சொல்ல மனம் வரவில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது கரண்ட் போனால், தெருக்காரர்கள் அறுந்த பட்டு இழைகளை முடிய அங்கேதான் வருகிறார்கள்.

“சார், கொஞ்சம் நவுருப்பா, வெளிச்சத்த மறைக்கிற,” என்பார் தணிகாசலம். பிறகு அவரே தான் உட்கார்ந்திருக்கும் பலகையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்வார்.