எனக்கென்று வெட்டிய துண்டு

எங்கள் கடையில் முதல் துண்டு எப்போதும் எனக்குத்தான். கேக் ஆறியதும் தங்கை ஒரு துண்டு வெட்டிக் கல்லாவுக்கு அனுப்புவாள். வாங்க வந்தவர்கள் முன்னால் நான் அதைச் சாப்பிட வேண்டும். "எனக்கே சர்க்கரை வியாதிங்க, நானே சாப்பிடுறேன் பாருங்க" என்று வாய் கூசாமல் சொல்வேன். நம்பித்தானே சொன்னேன்!

சர்க்கரைக்குப் பதில் சீனித்துளசி இலையிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடி. தங்கை தேடிப்பிடித்த யோசனை. "உனக்காகத்தான்க்கா இந்தக் கடை" என்று அவள் சொன்னபோது அழுதேன், அசடு.

ஆனால் என் சர்க்கரை இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. "இப்படியே போனா கால்விரலை எடுக்க வேண்டியதுதான். திருட்டுத்தனமா என்னம்மா திங்கிறீங்க?" என்றார் டாக்டர். ஒன்றுமில்லை என்றேன், அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தங்கையிடம் அதைச் சொன்னேன், சோற்றைப் பாதியாக்கினேன். கேக்கை மட்டும் விடவில்லை. அது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த இனிப்பு.

நேற்று தங்கை பல் பிடுங்கப் போனாள். அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்குக் கை சும்மா இருக்குமா? சுவரில் அவள் ஒட்டியிருந்த குறிப்பைப் பார்த்து, பொடியை அளந்து போட்டுச் சுட்டேன். வெளுத்துச் சப்பையாக வந்தது. தின்றால் நாக்கில் கசப்பு. என் கைராசியைத் திட்டிக்கொண்டு இன்னொன்று சுட்டேன். அதுவும் அதே லட்சணம்.

கன்னம் வீங்கித் திரும்பி வந்தவள் இரண்டையும் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, கேலி செய்யவுமில்லை.

"உன்னை யாரு சுடச் சொன்னதுக்கா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சர்க்கரை போடுறியா?"

"பாதிக்குப் பாதிதான். வெறும் பொடியில சுட்டா யாரு வாங்குவா? நீயே தின்னு பாத்தல்ல?"

"ஊரை ஏமாத்தினே, சரி. என்னையுமா? எனக்கு மட்டும் தனியா ஒண்ணு சுட்டிருக்கலாமே?"

"அதைத் தின்னா உன் மூஞ்சி கோணும். நீ ரசிச்சுத் திங்கிறதைப் பாத்துத்தானேக்கா வாங்குறாங்க."

கூடப் பிறந்தவள், என்னை விளம்பரப் பலகையாக்கி உட்கார வைத்திருக்கிறாள்.

கடையைச் சாத்தியதும், ஒன்றுமே நடக்காதது போல மருந்துப் பெட்டியோடு என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் புண்ணைத் துடைத்துக் கட்டியது அவள்தான். அது ஆறாததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மறுநாளும் துண்டு வெட்டியிருக்கிறாள். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"தொடாதே. நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வா. எனக்கு என்ன குடுத்தேன்னு உன் வாயால சொல்லு. வாங்கித் தின்னவங்களுக்கும் சொல்லணும்."

அவள் கண் கலங்கியது. ஒரு நிமிஷம் என் மனம் இளகக்கூடப் பார்த்தது.

"சொன்னா கடை போயிடுமேக்கா" என்றாள்.

என் கால்விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.