பூனம் தீதியின் முட்டி

காத்மாண்டுவிலிருந்து அழைப்பு வந்த அன்று, பூனம் குருங் சந்தோஷத்தில் மில்பிடாஸ் பேட்மின்டன் ஹாலைச் சுற்றி ஓடினாள். தெற்காசியப் போட்டி, பெண்கள் இரட்டையர். ஒரு காலத்தில் நேபாளத்தின் சாம்பியன். கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகும் மறக்காமல் கூப்பிடுகிறார்கள். வயது முப்பத்திரண்டு. இதை விட்டால் இன்னொன்று கிடையாது. ஜோடியும் அதே சரிதாதான். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால் நின்று ஆடியவர்கள்.

வக்கீல் ஒரே வரியில் முடித்துவிட்டார். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. பயண அனுமதி வருமுன் நாட்டைவிட்டுக் கிளம்பினால் விண்ணப்பம் செத்தது. திரும்பி வர முடியாது. கணவனும் இரண்டு வயது மகளும் இங்கே. பெயர் கொடுக்கும் கடைசி நாளும் வந்துவிட்டது, அனுமதி வரவில்லை.

"சரிதாகிட்ட உண்மையச் சொல்லிடுங்க தீதி," என்றாள் ஹஃப்சா. பக்கத்து அபார்ட்மென்ட், காலையில் பூனத்தோடு ஆடிவிட்டு ஆபீஸ் போகிறவள்; பூனத்தை அக்கா என்ற பொருளில் 'தீதி' என்பாள். இருவருக்கும் நடுவில் இந்தியும் இங்கிலீஷும் கலந்த ஒரு பாஷை.

"என்னன்னு சொல்ல? ஒரு கார்டுக்காக டீமைக் கைவிட்டேன்னா? முட்டி போச்சுன்னு சொல்லிட்டேன். முட்டி போனவள யாரும் திட்ட மாட்டாங்க."

யாரும் திட்டவில்லை. அதுதான் கொடுமை. சரிதா வீடியோ காலில் அழுதாள். ஐஸ் வை, மாடிப்படி ஏறாதே, கோயிலில் உன் முட்டிக்கு விளக்கேற்றினேன் என்றாள். கால் தெரியாதபடி போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பூனம் தலையாட்டினாள்.

அந்த வாரம் அவள் ஆடியதுபோல் ஹஃப்சா அதுவரை பார்த்ததில்லை. எகிறிக் குதித்து அடித்த ஒவ்வொரு ஸ்மாஷும் தரையில் அறை விழுந்த மாதிரி இறங்கியது. எதிரில் நின்ற இரண்டு ஆண்களுக்கு ராக்கெட்டைத் தூக்கவே நேரமில்லை. இப்படி ஒருத்தி இந்தக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டு கிடக்கிறாளே என்ற ஆதங்கத்தில் ஹஃப்சா போனில் படம் பிடித்தாள்.

ஹால் உரிமையாளர் கமால் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, செமயா இருக்கே! எனக்கு அனுப்பு. சம்மர் பேட்ச்சுக்குப் போடணும்."

காத்மாண்டுவில் எவள் மில்பிடாஸ் விளம்பரத்தைப் பார்க்கப்போகிறாள் என்று ஹஃப்சா அனுப்பிவைத்தாள். கமால் பூனத்தின் பெயரையும் 'நேபாள சாம்பியன்' என்பதையும் கொட்டை எழுத்தில் சேர்த்து ஆன்லைனில் போட்டார்.

மறுநாளே சரிதாவிடமிருந்து மெசேஜ் வந்தது: "முட்டி சரியாயிடுச்சு போல. சந்தோஷம்." அதற்குப் பிறகு பூனத்தின் அழைப்பு எதுவும் போய்ச் சேரவில்லை.

ஹஃப்சா கமாலிடம் பாய்ந்தாள். "அத எடுங்க அங்கிள்! இப்பவே டிலீட் பண்ணுங்க!"

"எடுத்துடறேன். ஆனா பாத்தவங்க பாத்தாச்சேம்மா. நான் என்ன கண்டேன்? முட்டிக் கதைய யாராவது என்கிட்ட சொன்னீங்களா?"

நியாயமான கேள்வி. அதனாலேயே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"தீதி, நான் பேசறேன் சரிதாகிட்ட. நான்தான் அனுப்பினேன்னு..."

"வீடியோதான் உன்னோடது. பொய் என்னோடது." பூனம் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். "நான் எந்தப் பக்கம் நகருவேன்னு பாக்காமலே தெரியும் அவளுக்கு. இப்ப யாராவது கேட்டா, இவள எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லுவா."

விளம்பரம் பார்த்துச் சேர்ந்த பிள்ளைகள் கோர்ட் ஓரத்தில் காத்திருந்தார்கள். "கோச், டூ த ஜம்ப் திங்!" என்று கத்தினாள் ஒருத்தி.

பூனம் ஷட்டிலை உயரத் தூக்கிவிட்டாள். இறங்கி வரும்வரை பொறுத்திருந்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றியபடி மெல்லத் தட்டினாள். வகுப்பு முடியும்வரை அவள் ஒருமுறைகூடக் குதிக்கவில்லை. ஹஃப்சா ஆபீஸுக்குப் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.